மூன்றாம் பானையின் மணல்

ஜெயபாரதி அம்மையாருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் தம்ளரை மூக்கருகே கொண்டுசென்று ஒரு கணம் முகர்ந்த பின்னரே குடிப்பார். எதைக் குறித்துவைத்தாலும் அதன் பக்கத்தில் மணியையும் எழுதுவார். குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர். ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும், கைப்பையில் கோடு போட்ட சிறு நோட்டும் பென்சிலும் இல்லாமல் அவர் தெருவில் இறங்கியதில்லை. முதல் பழக்கத்துக்காக உறவினர் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தியதுண்டு. இரண்டாவது பழக்கத்தை இதுவரை யாரும் பொருட்படுத்தியதில்லை.

கோபாலபுரத்து மகிழம்பூத் தெருவின் நலச் சங்கம் ஆண்டுதோறும் பங்குனியில் சேவை வாரம் ஒன்றை நடத்தும். கண் பரிசோதனை முகாம், மரக்கன்று வழங்குதல், கோலப் போட்டி என ஏழு நாளும் ஏதேனும் ஒன்று நடக்கும். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தருகே நீர்மோர்ப் பந்தலைத் திறப்பது வழக்கம்; வாரம் முழுவதும் அங்கே மோர் தருவார்கள்.

அன்று காலையிலிருந்து தெருக்கோடியிலிருந்த பள்ளியில், கண் முகாமுக்கு வந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார் ஜெயபாரதி. நண்பகல் 12.05. ஆட்டோ ஓட்டுநர் வேலு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மேடம், பந்தல்ல ஆளுங்க வாந்தி எடுத்துக்கினு கீறாங்க. சீக்கிரம் வாங்க!"

12.10. பந்தலருகே நடைபாதையில் ஒன்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதியவர்கள் மூவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் நடுவே, கையில் அகப்பையோடு, அசையாமல் நின்றிருந்தாள் ஷகீலா. கூட்டம் முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஷகீலா ஐஸ்ஹவுஸ் பக்கம் வீட்டிலேயே சமைத்து விற்பவள், கணவனை இழந்தவள், இரண்டு பெண் குழந்தைகள். அன்றைய மோர் அவள் கலக்கிக் கொடுத்தது. வரும் ஜூன் முதல் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி தரும் பொறுப்பு அவளுக்கு ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

"தயிரு கெட்டுப்போயிருக்கு, வேற என்ன?" என்று இரைந்தார் சங்கத் தலைவர் ராஜரத்தினம். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். "அஞ்சு மணிக்குக் கமிட்டியக் கூட்டுதேன். பள்ளிக்கூடத்துக்கும் நானே போன் போட்டு, இந்தம்மா வேண்டாம்னு சொல்லிருதேன்."

"அதே மோரை என் புள்ளைங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டுத்தான் சார் வந்தேன். அதுங்க நல்லாத்தான் கீதுங்க!"

"எங்கேயோ கலக்கி எடுத்துட்டு வர்றதை வாங்கினா இப்படித்தான்" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. யாருடைய குரல் என்று தெரியவில்லை. ஆனால் யாரும் மறுக்கவுமில்லை.

ஜெயபாரதி பந்தலுக்குள் சென்றார். மூங்கில் சட்டத்தின் மேல் மணல் பரப்பி, மூன்று புதிய மண்பானைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் இரண்டு பானைகளின் வெளிப்புறம் வியர்த்து வழிந்தது; அவற்றின் அடிமணல் கறுத்து ஈரமாக இருந்தது. மூன்றாம் பானையின் வெளிப்புறம் வெளிறிக் கிடந்தது. அதன் கீழிருந்த மணலை விரலால் தொட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது.

நோட்டில் எழுதினார்: 12.14. மூன்றாம் பானை, மணல் உலர்வு.

"இந்தப் பானைகளை யாரும் தொடக் கூடாது. மோரைக் கொட்டவும் கூடாது" என்றார்.

"எதுக்கும்மா? இன்னும் நாலு பேரு குடிக்கதுக்கா?" என்றார் ராஜரத்தினம்.

"அஞ்சு மணி வரைக்கும் எனக்கு டைம் குடுத்திருக்கீங்க இல்லையா? அது வரைக்கும் இருக்கட்டும்."

நடைபாதையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். எந்தப் பானை? கடைசிப் பானை. எத்தனை மணிக்கு? பதினொன்றரைக்கு மேல். எல்லாரும் இதையே சொன்னார்கள். முதல் இரண்டு பானைகளில் குடித்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நலமாகவே வீடு திரும்பியிருந்தனர்.

12.35. சங்கத்தின் செயலாளர் விஜயராகவன் மரத்தடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஜெயபாரதியின் எதிர்வீட்டுக்காரர், இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம்.

"மோர் எத்தனை மணிக்கு வந்தது சார்?"

"அஞ்சே முக்காலுக்கு. மூணு டிரம். வேலு இறக்கி வெச்சுட்டு சவாரிக்குப் போயிட்டான். ஆறு மணிக்கெல்லாம் நானே சொம்பால மொண்டு மூணு பானையும் ரொப்பிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன, காத்துண்டு இருந்தோம். ஏழரைக்கு வரேன்னு சொன்ன சிறப்பு விருந்தினர் பதினொண்ணுக்கு வந்தார். போட்டோவுக்கு அழகா இருக்கட்டுமேன்னு எங்காத்துப் பித்தளை அண்டாவுக்குப் பூச்சுத்தி, பானையிலேர்ந்து கொஞ்சம் மோரை எடுத்து அதுல விட்டேன். பத்தே நிமிஷம். எல்லாரும் டிபன் சாப்பிடப் போனப்போ திரும்பப் பானையிலேயே கொட்டிட்டேன்."

"விருந்தினர் குடிச்சாரா?"

"எங்கே! தம்ளரைத் தூக்கிப் பிடிச்சுண்டு போட்டோ எடுத்துண்டார். ஜலதோஷமாம். இளநீர் கேட்டார்."

"பானையில ஏதாவது குறை இருக்குமோ?"

"இருக்கலாம். புதுப் பானை. வேலு சரியா அலம்பினானோ என்னமோ."

இது வேலுவின் காதில் விழுந்துவிட்டது. "இன்னா சார் நீ! மூணையும் நான்தான் கழுவினேன். ரெண்டை நல்லாக் கழுவிட்டு ஒண்ணுல மட்டும் வெஷம் வெச்சேனா? எனக்கு வேற வேலை இல்ல?"

1.25. மருத்துவமனை. மூவரில் இருவர் உறங்கிக்கொண்டிருந்தனர். மூன்றாமவர் அப்துல் கஃபார். அந்தத் தெருவில் ஐம்பது ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருப்பவர். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோதும் பேச்சு குறையவில்லை.

"மோர் புளிச்சிருந்ததா பாய்?"

"புளிப்பு எப்பவும் இருக்கறதுதான். அது இல்லம்மா. வாய்ல சாவிக்கொத்தைப் போட்டுக்கினா மாதிரி இருந்திச்சு. ஊசியை வாய்ல கடிச்சே அம்பது வருசம் தெச்சவன் நானு. இரும்பு ருசி எனக்குத் தெரியாதா?"

"ஏன் முழுசாக் குடிச்சீங்க?"

"ஓசில குடுக்கறாங்க. துப்பினா மரியாதையா இருக்குமா, சொல்லு?"

"குடிச்சு எவ்வளவு நேரத்துல வாந்தி?"

"கடைக்கு வந்து ஒரு பட்டன் காஜா கட்டி முடிக்கல. இருபது நிமிசம்."

மருத்துவரிடம் ஜெயபாரதி ஒரே கேள்வி கேட்டார்: யாருக்கேனும் காய்ச்சல் உண்டா? ஒருவருக்கும் இல்லை. "மோர் கெட்டுவிட்டது என்றுதானே உங்கள் செயலாளர் சொன்னார்?" என்றார் மருத்துவர். ஜெயபாரதி அதையும் மணியோடு எழுதிக்கொண்டார்.

3.30. மீண்டும் பந்தல். வெயில் சாய்ந்திருந்தது. ஷகீலா அங்கேயே, கவிழ்த்த டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலையா?"

"போனா ஓடிட்டான்னு சொல்லுவாங்கம்மா."

"மூணு டிரம் மோரும் தனித்தனியாக் கலக்கினதா?"

"இல்லம்மா. ஒரே பெரிய தேக்சாவுல கலக்கி மூணுலயும் ஊத்தினேன். உப்பு, எலுமிச்சை, இஞ்சி. வேற இன்னா இருக்கு அதுல?"

ஜெயபாரதி மூன்றாம் பானையைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை நனைந்தது. அடியில் மணல் இப்போது கறுத்திருந்தது. நோட்டில் 12.14 குறிப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆட்டோவிலிருந்த வேலுவைக் கூப்பிட்டார்.

"அந்த அண்டாவை யார் வீட்டுக்குக் கொண்டுபோனது?"

"நான்தான் மேடம். பன்னெண்டேகால் இருக்கும். இங்க அவனவன் வாந்தி எடுத்துக்கினு கீறான், செயலாளர் சாரு 'மொதல்ல இதை எங்க வீட்ல போட்டுட்டு வா'ன்றாரு. காலி அண்டா, ஆனா இன்னா கனம்!"

"உள்பக்கம் பார்த்தியா?"

"பாக்காம? உள்ள, வெளிய, ரெண்டும் தங்கம் மாதிரி மின்னுது. மிஷின் பாலிஷாம். என் மூஞ்சியே தெரிஞ்சுது."

ஜெயபாரதி நோட்டை மூடினார். 4.05க்கு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார்.

5.00. சங்கக் கட்டடம். ராஜரத்தினம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் கைப்பேசி தயாராக இருந்தது. விஜயராகவன் தீர்மானப் புத்தகத்தைத் திறந்துவைத்திருந்தார். ஷகீலா வாசற்படியோரம் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஜெயபாரதி ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்ட பின்னரே பேசத் தொடங்கினார்.

"மோர் கெடலை. ஒரே மோர்தான் மூணு டிரம்மிலும் இருந்தது. ரெண்டு பானையில குடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. மூணாவதுல குடிச்சவங்களுக்கு இருபது நிமிஷத்துல வாந்தி, காய்ச்சல் இல்லை, வாயில உலோக ருசி. கெட்ட மோர் அவ்வளவு சீக்கிரம் ஆளைச் சாய்க்காது. பித்தளைக் களிம்பு சாய்க்கும். புளிச்ச மோரை ஈயம் பூசாத பித்தளையில வெச்சா களிம்பு ஏறி விஷமாகும்னு இங்கே யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை."

"அண்டாவுல பத்து நிமிஷம்தானே இருந்தது?" என்றார் விஜயராகவன். குரல் மெல்லியதாக இருந்தது.

"பத்து நிமிஷம்னா இவ்வளவு களிம்பு ஏறாது. சரிதான். ஆனா பானை வேற கணக்குச் சொல்லுது, சார். மூணு பானையையும் ஆறு மணிக்கே ரொப்பினதா சொன்னீங்க. பன்னிரண்டே காலுக்கு நான் தொட்டுப் பார்த்தப்போ ரெண்டு பானை வியர்த்து மணல் நனைஞ்சிருந்தது. மூணாவது பானை காஞ்சு கிடந்தது."

"சில பானை வியர்க்காதும்மா. சூளையில ஜாஸ்தி வெந்திருக்கும்" என்றார் ராஜரத்தினம்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனாலதான் மோரைக் கொட்ட விடலை. மூன்றரைக்குப் போய்ப் பார்த்தேன். அதுவும் நல்லா வியர்த்திருந்தது. நாலு மணி நேரத்துல மணலை நனைக்கிற பானை, ஆறு மணி நேரம் நிறைஞ்சு இருந்தும் எப்படிக் காஞ்சிருக்கும்? அதுல காலையில மோரே ஊத்தலை. பதினொண்ணேகாலுக்குத்தான் முதல் தடவையா ஊத்தியிருக்கு."

ஜெயபாரதி விஜயராகவனின் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா மூணாவது டிரம் மோர் ஆறு மணியிலிருந்து பதினொண்ணு வரைக்கும் எங்கே இருந்தது? விருந்தினர் ஏழரைக்கு வந்துடுவார்னு நம்பி, நீங்க அதை நேரா அண்டாவுல ஊத்தி வெச்சீங்க. அவர் மூன்றரை மணி நேரம் தாமதமா வந்தார். ஈயம் பூசின அண்டாவா இருந்திருந்தா அதுவும் பரவாயில்லை. ஆனா வேலு பார்த்தப்போ உள்பக்கமும் தங்க நிறமா மின்னியிருக்கு. ஈயம் இருந்தா உள்ளே வெள்ளையாத்தானே இருக்கணும்? பாலிஷ் மிஷின் அதைச் சுரண்டி எடுத்துடுச்சு."

விஜயராகவன் தீர்மானப் புத்தகத்தை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"பாலிஷ் போடறவன்கிட்ட வெளிப்பக்கம் மட்டும்தான் சொன்னேன். அவன் உள்ளேயும் போட்டுட்டான். விடியற்காலம், விளக்கு சரியா இல்லை, நான் பாக்கலை. வேணும்னு செய்யலை, ஜெயபாரதி. சத்தியமா."

"தெரியும். ஆறு மணிக்கு நடந்தது தவறு. பன்னிரண்டே காலுக்கு நடந்தது என்ன?"

"முதல் ஆள் வாந்தி எடுத்தப்பவே எனக்கு உறைச்சுடுத்து. அண்டாவை எட்டிப் பார்த்தேன். அது அம்மாவோட கல்யாணச் சீர். கழுத்துல அவ பேர் வெட்டியிருக்கு. இத்தனை பேருக்கு முன்னாடி, அம்மா பேர் போட்ட பாத்திரத்தாலன்னு..."

"அதனால டாக்டர்கிட்ட மோர் கெட்டதுன்னு சொன்னீங்க. ஷகீலா பேரு எந்தப் பாத்திரத்துலயும் வெட்டலை. அழிக்கிறது சுலபமா இருந்ததா?"

நாற்காலியில் ஷகீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. "ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே சார்" என்றாள். "நானே அந்த அண்டாவைத் தேச்சுக் குடுத்திருப்பேனே."

ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் கத்தினது தப்புதான், தாயி. பள்ளிக்கூடத்துக்குக் கடிதாசி இன்னைக்கே போகும்" என்றவர், ஜெயபாரதியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மத்தத நமக்குள்ளயே முடிச்சுக்கிடுவோமே. விஜயராகவன் நல்ல மனுஷன். வாந்தி எடுத்தவங்களும் தேறிட்டாங்க. வெளிய எதுக்கு?"

"டாக்டர்கிட்ட நாலு மணிக்கே சொல்லிட்டேன். அவருக்குத் தெரியாம வைத்தியம் பார்க்க முடியாது. தெருவுல எல்லார் முன்னாடியும்தான் இவங்க மேல பழி விழுந்தது. நமக்குள்ளே எடுத்தா அது போகாது."

நோட்டிலிருந்து நான்கு பக்கங்களைக் கிழிக்காமல் அப்படியே திறந்து, விஜயராகவனின் முன்னால் வைத்தார். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் மணி எழுதியிருந்தது.

"இதைப் பார்த்து நீங்களே எழுதுங்க சார். உங்க கையெழுத்துலயே பந்தல் தட்டியில ஒட்டணும்."

விஜயராகவன் அந்தப் பக்கங்களைப் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

வெளியே வந்தபோது மணி 5.40. வேலு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஷகீலா காலி டிரம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நாளைக்கு எத்தனை டிரம்?" என்று கேட்டார் ஜெயபாரதி.

"நாளைக்கா? யாரும்மா குடிப்பாங்க?"

"நான் குடிப்பேன். பத்து மணிக்கு வர்றேன்" என்றார் அவர். "முகர்ந்து பார்க்காமலே குடிப்பேன்."