களப்பு வாயுவின் மீதிக் கதை

"இறாலை ஏத்தாதேங்கோ சுமன். இண்டைக்கு நான் எடுக்க மாட்டன்."

வீரகத்தி ஐயா லொறியை விட்டு இறங்காமலே சொன்னார். இறால் பெட்டியைத் தூக்கிய சுமன் அப்படியே நின்றுவிட்டார்.

சுமன்தான் யதுர்ஷிகாவின் அப்பா. முல்லைத்தீவுப் பக்கம், கடல்நீர் புகுந்து தேங்கி நிற்கும் ஒரு களப்பின் கரையில் அவர்களுடைய வீடு இருந்தது. அப்பா விடிய முன்னம் களப்பில் வலை போட்டு இறால் பிடித்து வருவார். சனிக்கிழமைகளில் வீரகத்தி ஐயா வந்து, அதை வாங்கி வவுனியாவுக்கு ஏற்றிப் போவார்.

"ஏன் ஐயா? இறால் இன்னும் துள்ளுது, பாருங்கோ."

"துள்ளுது சரி. களப்பில நச்சு வாயு கிளம்பியிருக்காமே! சந்தியில எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். உங்களோட வலை போடுற ராசு நேற்று வள்ளத்தில தனிய இருந்து சிரிச்சவராம்."

"ராசு அண்ணை எப்பவும் அப்பிடித்தானே" என்று முணுமுணுத்தார் அம்மா.

யதுர்ஷிகா வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதை எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். அவளிடமிருந்துதான்.

ஒரு கிழமையாகக் கௌசலா அக்கா அந்தக் களப்புக்கு வந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீர் பிடிப்பதுதான் வேலை. நேற்றுப் பின்னேரம் அவர் போனில் கதைத்தது யதுர்ஷிகாவின் காதில் விழுந்தது.

"ஓம் சேர், பள்ளத்துக்குள்ள ஒட்சிசன் நல்லாக் குறைஞ்சிட்டுது. சிரிப்பூட்டும் வாயு கூடியிருக்கும் எண்டு நினைக்கிறன்."

சிரிப்பூட்டும் வாயு! யதுர்ஷிகாவால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுச் சாருஜனிடம் சொன்னாள். சாருஜன் தன் அம்மாவிடம் சொன்னான். அவனுடைய அம்மா கடையில் சொன்னார். கடையிலிருந்து சந்திக்குப் போவதற்குள் அது நச்சு வாயு ஆகிவிட்டது.

"ஐயா, திரும்பி இந்த வழியாலதானே வருவியள்?" என்று கேட்டாள் யதுர்ஷிகா.

"ஓம் பிள்ளை. கடற்கரையில மீன் ஏத்திப்போட்டு வருவன். ஏன்?"

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் பறந்தாள்.

கௌசலா அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு போத்தலை மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா! களப்பில நச்சு வாயுவோ?"

"ஐயோ, ஆர் சொன்னது?"

"நான்தான்..." யதுர்ஷிகா தலை குனிந்தாள். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

கௌசலா அக்காவுக்குக் கோபம் வரவில்லை. போத்தலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கரைக்கு வந்தார்.

"சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் இருக்கு. எங்களைப் போல அதுகளுக்கும் மூச்செடுக்க ஒட்சிசன் வேணும். ஒட்சிசன் குறைஞ்சால், சில நுண்ணங்கிகள் தண்ணியில கரைஞ்சிருக்கிற நைத்திரேற்று எண்ட உப்பை வச்சுச் சமாளிக்கும். வயலுக்குப் போடுற உரத்தில இருந்தும் அது வரும். அப்ப வெளியில வாறதுதான் இந்தச் சிரிப்பூட்டும் வாயு."

"ஒட்சிசன் துப்பரவா இல்லாமப் போனா? இன்னும் கூடுமோ?"

"நல்ல கேள்வி. அப்ப அதுகள் இந்த வாயுவையே எடுத்துப் பாவிக்கத் தொடங்கிடும். வாயு குறைஞ்சிடும். அரைகுறையா இருக்கேக்கதான் கூட வரும். அதாலதான் இடத்துக்கு இடம் அளக்கிறன்."

"அப்ப இறால்?"

"இறாலுக்கு ஒண்டும் இல்லை. தண்ணியில இந்த வாயு இருக்கிறது அவ்வளவு கொஞ்சம். அதை அளக்கவே பெரிய மெசின் வேணும். ஆனா எல்லாக் கடலிலயும் இருந்து சேர்ந்து மேல போனால், பூமியின்ர சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். எங்கட கவலை அதுதான்."

"நீங்கள் இந்தக் களப்பு இறாலைச் சாப்பிடுவியளோ?"

"நேற்றும் சாப்பிட்டனான். உங்கட அம்மாதானே தந்தவா!"

யதுர்ஷிகாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப வந்து வீரகத்தி ஐயாவுக்குச் சொல்லுங்கோ அக்கா."

"இன்னும் ஆறு போத்தல் பிடிக்கவேணும். நேரம் தப்பினால் இண்டைய வேலை முழுக்க வீண்."

யதுர்ஷிகா கொஞ்சம் யோசித்தாள். சும்மா போய்ச் சொன்னால் ஒரு சின்னப்பிள்ளையின் பேச்சை யார் நம்புவார்கள்?

"அக்கா, ஒரு பேனை தாங்கோ. உங்கட போன் நம்பரையும் சொல்லுங்கோ."

உள்ளங்கையில் நம்பரை எழுதிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து சேரவும், லொறி வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. அப்பா பெட்டிக்கு மேல் ஈரச் சாக்குப் போட்டுவிட்டு, உருகும் ஐஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

யதுர்ஷிகா இரண்டு கைகளையும் விரித்து லொறிக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, அந்த வாயுக் கதையைத் தொடக்கினது நான்தான். அக்கா கதைச்சதைப் பாதிதான் கேட்டனான். அதைப் போய்ச் சொல்லிப்போட்டன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அவள் விடவில்லை. சேறு, நுண்ணங்கி, ஒட்சிசன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள்.

"நான் சொன்னால் நம்பமாட்டியள். இது கௌசலா அக்காவின்ர நம்பர். நீங்களே கேளுங்கோ."

வீரகத்தி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய கையைப் பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்தினார். எல்லாருக்கும் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்தார்.

"ஓம் ஐயா, பயமில்லாமல் எடுங்கோ" என்றது கௌசலா அக்காவின் குரல். "பிள்ளை சொன்னதெல்லாம் சரி."

"அப்ப ராசு ஏன் சிரிச்சவர்?"

"அதை அவரிட்டத்தான் கேக்கவேணும் ஐயா!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வீரகத்தி ஐயா லொறியை விட்டு இறங்கி, சாக்கை விலக்கிப் பார்த்தார். ஒரு இறால் துள்ளி அவருடைய செருப்பில் விழுந்தது.

"சரி சுமன், ஏத்துங்கோ" என்றார் அவர். "சந்தியில நிண்டு உண்மையைச் சொல்லிப்போட்டுத்தான் போவன். கடையில நீ போய்ச் சொல்லு பிள்ளை."

"ஓம் ஐயா, இப்பவே போறன்."

பெட்டிகளை ஏற்றி முடித்த அப்பா அவள் பக்கத்தில் வந்தார். ஐஸில் குளிர்ந்த கையை அவளுடைய தலையில் வைத்தார்.

"முன்னால வந்து நிண்டு சொன்னியே. எனக்கு அது போதும்" என்றார்.

லொறி வளைவைத் தாண்டி மறையும்வரை யதுர்ஷிகா பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பசியென்றால் அப்படி ஒரு பசி!