மூன்றாவது கதவில் ஆளிருக்கு

எங்கள் ஊரில் பார்ப்பதற்கு ஓர் அருவி உண்டு. மழை பெய்தால் பாறையில் விழும். பெய்யாவிட்டால் வரவேற்புப் பலகையில் மட்டும் விழும். அதை நம்பித்தான் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு தகவல் மையம் கட்டினார்கள். சுவரில் வரைபடம், நாலு பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், பின்பக்கம் மூன்று கழிப்பறைகள். வாசலுக்குக் காவல் நான். கழிப்பறைகளுக்கு என் சம்சாரம்.

திறந்த முதல் வாரம் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் வரைபடத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே பின்பக்கம் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் முகம் சிவக்கத் திரும்பி வந்தார்.

"மூணாவதுல யாரோ போய் உக்காந்துட்டு வரவே மாட்டேங்கறாங்க."

போய்த் தட்டினேன்.

"ஆளிருக்கு," என்றது ஓர் ஆண் குரல். சளி பிடித்த, பொறுமையான குரல்.

வேன் போயிற்று. மறுபடி தட்டினேன். ஆளிருந்தார். கதவைத் தள்ளினால், தாழ்ப்பாளே போட்டிருக்கவில்லை. உள்ளே ஈர சிமெண்ட் வாசனை, ஒரு வாளி. வேறு யாரும் இல்லை. சாத்திவிட்டுத் தட்டினேன்.

"ஆளிருக்கு."

மையத்தின் அதிகாரி அம்மாவிடம் சொன்னேன்.

"புதுக் கட்டடம் பெரியவரே, எதிரொலிக்கும்."

"தட்டினா 'ஆளிருக்கு'ன்னா மேடம் எதிரொலிக்கும்?"

"பயணிங்க காதுல போட்டுடாதீங்க."

என் சம்சாரத்துக்குப் பயம் கிடையாது. "முப்பத்தஞ்சு வருஷமா உங்க மூஞ்சியையே பாத்துட்டேன், இதுக்கா பயப்படப் போறேன்?" என்று விளக்குமாற்றோடு உள்ளே போனாள். காலை பதினோரு மணி. நல்ல வெயில்.

கதவு சாத்திக்கொண்டது.

திறந்தபோது வெளியே வந்தது அவள் இல்லை. ஒல்லியான ஒரு மனிதர். கால் இரண்டிலும் ஈரம் சொட்டியது.

"கொஞ்சம் வழி விடுங்க, ரொம்ப நேரம் ஆயிடுச்சு," என்றார், சளி பிடித்த குரலில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாலையில் இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே வாளி இருந்தது. விளக்குமாறு இருந்தது.

அவள் இல்லை.

சாத்திவிட்டுத் தட்டினேன்.

"ஆளிருக்குங்க," என்றாள் என் சம்சாரம்.

போலீஸ்காரர் வந்து அவரும் தட்டிப் பார்த்தார். "கூப்பிட்டா பதில் சொல்றாங்களே பெரியவரே, அப்புறம் காணோம்னு எப்படி எழுதறது?" என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதிகாரி அம்மா 'பழுது' என்று ஓர் அட்டை மாட்டினார். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது.

பதினேழு நாள் தட்டினேன். "சாப்பிட்டியாம்மா?" "ஆளிருக்குங்க." "நான்தாம்மா, வெளிய வா." "ஆளிருக்குங்க." முதலில் குரலில் அலுப்பு இருந்தது. போகப் போக யாரோ வேற்றாளுக்குச் சொல்வது போல ஆகிவிட்டது.

ஓர் ஆள் போனால் ஓர் ஆள் வெளியே வரலாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பதினெட்டாம் நாள் நானே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தேன்.

குழாயின் சொட்டு நின்றது.

வெளியே குருவிச் சத்தம் நின்றது.

யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, இரண்டு தட்டு.

கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிறவன் வாயில் என்ன வரும்? யோசித்தா வரும்?

"ஆளிருக்கு," என்றேன்.

"சரிங்க," என்றது வெளியே.

அவள் குரல்.

தாழ்ப்பாளைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தேன். ஒருவரும் இல்லை. காய்ந்த தரையில், கதவைப் பார்த்தபடி, இரண்டு ஈரப் பாதத் தடங்கள்.

இப்போது தட்டினால் உள்ளே பதில் இல்லை. கதவை விரியத் திறந்து வைத்து, "காலிதாம்மா, வா," என்று தினமும் கூப்பிடுகிறேன். ஆளிருக்கு என்று ஒரு தடவை சொன்னால் அப்படியே நம்பிவிடுவாள். முட்டி மோதி நுழைகிற ரகம் இல்லை. எத்தனை வெயில் அடித்தாலும் அந்தத் தடம் காய்வதில்லை.

இன்று காலை அவளுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி ஈரக் கால். அதற்குப் பின்னால் இன்னொன்று. பார்த்துக்கொண்டே நடந்தேன். வரிசை கேட்டைத் தாண்டிச் சாலையிலும் நிற்கிறது.