கயிற்றின் மறுமுனை

வளைகுடா நாட்டின் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பழைய டீசல் டாங்கி. நண்பகல் வெயிலில் அதன் இரும்பு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. வெல்டர் ராஜிக் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேல்வாயில் உட்கார்ந்தான். மறுமுனையைப் பிடித்திருப்பது கல்யாணசுந்தரத்தின் டூட்டி.

முறை எளிது. வெளியே இருப்பவர் ஒருமுறை இழுத்தால், ‘விழித்திருக்கிறாயா?’ உள்ளிருந்து ஒருமுறை இழுத்தால், ‘ஆம்.’ இருமுறை என்றால் ஆபத்து.

“இதெல்லாம் எங்க படிச்சீங்க, கமாண்டரண்ணே?”

“எல்லையில தம்பி. பங்கருக்குப் பங்கர் கயிறு. வாய் திறந்தா அவன் சுடுவான்.”

“ஒத்த ஆளா நின்னீங்களாமே? அதுக்குத்தான் கமாண்டர் ஆக்குனாங்களாம்!”

“இறங்கு. கதை பிறகு.”

அந்தக் கதையை அவர் எவரிடமும் சொன்னதில்லை. அப்போது அவர் இயக்கத்தில் வெறும் எல்லைக் காவலர். தூக்கம் தாங்காமல் தன் கயிற்று முனையை ஒரு கிளையில் கட்டிவிட்டுப் பின்னால் புதருக்குள் படுத்தார். கிளை இழுத்தால் வளையும், விட்டால் நிமிரும். நிமிரும்போது அதுவே பதில் இழுப்பு. அடுத்த குழியிலிருந்த பத்மநாபன் இரவெல்லாம் ஒருமுறை இழுத்துக் கேட்டு, அந்தப் பதிலை நம்பினான். எதிரி இவருடைய காலிக் குழி வழியாக வந்தான். விடியும்போது உயிரோடு நின்றவர் இவர் மட்டும். இயக்கம் அவரை அணித்தலைவராக்கியது, பிறகு தளபதியாக்கியது. எதையும் அவர் மறுக்கவில்லை.

ராஜிக் டாங்கிக்குள் இறங்கிவிட்டான். வெயிலில் அவருக்குத் தொண்டை வறண்டது. கயிற்றை ஏணிக் கம்பியில் முடிந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நிழல் சுகமாக இருந்தது. கண் செருகியது.

உள்ளே காற்று அனுப்பும் ப்ளோயரின் இரைச்சல் நின்றிருந்தது. அந்த அமைதியில்தான் விழித்தார்.

ஏணிக் கம்பி அதிர்ந்தது.

இருமுறை.

மறுபடி இருமுறை.

ஓடினார். டாங்கியின் வாயிலிருந்து டீசல் நெடி. அதற்கடியில், மழையில் நனைந்த பங்கர் மண்ணின் வாசனை.

இழுத்தார். நீலம் பாரித்த உதடுகளோடு ராஜிக் மேலே வந்தான். முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண் திறந்தான்.

“நல்லவேளை இழுத்தாய் தம்பி.”

“நான் இழுக்கலையேண்ணே. இறங்குன கொஞ்சத்துலயே கை ரெண்டும் செத்துப்போச்சு.”

இன்ஜினியர் கௌரிசங்கர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “கமாண்டர்னா சும்மாவா! கயித்த விடாம நின்னிருக்கீங்களே சார்! இனிமே இந்த சைட்டோட சேஃப்டி முழுக்க உங்க கையில. சரிதானே?”

கல்யாணசுந்தரம் வாயைத் திறந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“ஓம்” என்றார்.

ராஜிக்கைக் காருக்குத் தூக்கிப் போனார்கள். அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்த முனை டாங்கிக்குள் சரிந்து கிடந்தது. அதை மேலே எடுக்கக் கயிற்றைத் தொட்டார்.

உள்ளே யாருமில்லை.

கயிறு விறைத்தது.

ஒருமுறை இழுத்தது.

பதிலுக்காகக் காத்திருந்தது.