தோளில் விழுந்த அரைநிழல்

மகளின் நெஞ்சுப் படத்தில் இடது தோள்மேல் நாலு மங்கல் கோடுகள், ஓரமெல்லாம் கரைந்து. வளர்ந்த ஆளின் விரல் எலும்புகள்.

எக்ஸ்ரே எடுக்கையில் பிள்ளை அசையாமலிருக்க, கூட வந்தவர்கள் பிடித்துக்கொள்வதும், அவர்கள் விரல் படத்தில் விழுவதும் எக்ஸ்ரே டெக்னீஷியனான அவனுக்கு அன்றாடத் தலைவலி. இன்று யாருமே பிடிக்கவில்லை. மனைவி மாடி வார்டில் இருந்தாள். அவன் கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால். மருந்து நெடியும் மெஷினின் இரைச்சலும் நிறைந்த அந்த அறையில், ஸ்டூலில் உட்கார்ந்து, படம் விழும் தகட்டில் நெஞ்சை ஒட்டி, மகள் மட்டும் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

ஃபோனில் டாக்டர் கடுகடுத்தார். "படம் தெளிவா இல்லாம நான் எங்கய்யா ஊசிய இறக்குறது? நெஞ்சுல நீர் ஏறிட்டே இருக்கு."

"ஒரே நிமிஷம் சார்."

மெஷின் கோளாறாகத்தான் இருக்கும். பதினாறு வருஷமாக ஊரார் பிள்ளைகளை டீ குடித்துக்கொண்டே படமெடுத்த கை, இன்று செட்டிங்கை இரண்டு தடவை சரிபார்த்தது.

"மூச்சப் பிடிச்சுக்கோடா கண்ணு."

இரண்டாவது படம். கோடுகள் தெளிந்து, விரல் மூட்டுகள் தெரிந்தன.

தகட்டைவிட்டுத் தள்ளியிருப்பதுதான் ஓரம் கரைந்து அரைநிழலாக விழும். நெருங்க நெருங்கத் துல்லியமாகும். இந்த வேலையின் முதல் நாள் பாடம் அது.

ஓடிப்போய் மகளின் தோளைத் தடவினான். காய்ச்சல் சூடு. வேறொன்றுமில்லை. அப்போதே அள்ளிக்கொண்டு ஓடியிருக்கலாம், பாவி. படமில்லாமல் ஊசியில்லை. ஊசியில்லாமல் பிள்ளையில்லை. கோணத்தை மாற்றிவிட்டுத் திரும்பினான்.

பொத்தானில் விரல் வைத்தபோது மகள் முனகினாள்.

"இறுக்கிப் பிடிக்காதப்பா. வலிக்குது."

அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றான்.

அழுத்தினான்.

மூன்றாவது படம். முழுக் கை. மணிக்கட்டு வரை. எலும்பின் ஒவ்வொரு வரியும் துல்லியம். அதற்குப் பின்னால் மகளின் விலா எலும்புகள்.

அவைதான் இப்போது ஓரம் கரைந்திருந்தன.

நிமிர்ந்து பார்த்தான். தகட்டில் நெஞ்சை ஒட்டி அப்படியே உட்கார்ந்திருந்தாள். துளி நகரவில்லை.

"கண்ணு?"

மூச்சிழுப்பு நின்றிருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மறுபடி அழுத்தினான். விலா எலும்புகள் புகையாகின. அழுதுகொண்டே மறுபடி.

ஸ்டூலில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் கை மட்டும் இருந்தது.