துரைசாமி காலி செய்தார்

ஆம்பூரில் தோல் மண்டித் தெருவின் கடைசியில் இருக்கிறது அந்தக் கிடங்கு. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கிவைக்கக் கட்டியது. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கதவு. மண்டையைப் பிளக்கும் மதிய வெயிலிலும் உள்ளே நாலடி வைத்தால் இருட்டு.

நான் இடத்தரகன். பேர் கோதண்டபாணி. இன்றைக்கு எங்கள் பக்கம் பழைய மண்டியை விற்பதைவிட யானையை விற்றுவிடலாம், கோயிலாவது வாங்கும். ஷூ கம்பெனிகள் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன. கடன் கொடுக்கும் வங்கிக்காரனும் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறான். அப்படிப்பட்ட காலத்தில், கிடங்கின் சொந்தக்காரி முனவ்வர் பேகத்துக்கு ஒரே ஒரு கிராக்கி வந்தார். வேலூரில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் சத்தியநாதன். அவரையும் விட்டால் அந்த அம்மாளுக்கு அது சொத்தல்ல, சுமை.

கிடங்கில் வெகுகாலமாக வாடகைக்கு இருந்தவர் துரைசாமி என்ற தோல் வியாபாரி. காலி செய்யச் சொல்லி பேகம் வழக்குப் போட்டார். துரைசாமி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி சட்டை மடிப்புக் கலையாமல் வருவார்.

“பேப்பர எழுதி என்னை வெளிய அனுப்ப முடியாது பாணி. துண்டப் போடு. கையக் குடு. படிஞ்சா போறேன்.”

எங்கள் பக்கத்துப் பேரம் அப்படி. கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வது. நூறா ஆயிரமா என்று மட்டும் வாயால் கேட்கலாம். எத்தனை என்பதை விரல் சொல்லும். ஆள் முகத்தைப் பார்க்கக் கூடாது. வேறெங்கோ பராக்குப் பார்க்க வேண்டும். படிந்தால் உள்ளங்கையில் ஒரு தட்டு. துரைசாமியின் கை மண்டிக்கே தெரிந்த கை: வலது சுண்டுவிரலில் பாதியை மெஷின் தின்றிருந்தது.

அவரோடு கடைசிவரை யாரும் துண்டு போடவில்லை. தை மாதத்தில் ஒருநாள் கிடங்குக்குள் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அவர் மனைவி சுந்தரி சாவியைக் கொடுத்து, இடத்தை ஒப்படைத்துவிட்டதாகக் கையெழுத்தும் போட்டார். சட்டப்படி கிடங்கு காலி.

வாடை மட்டும் காலி செய்யவில்லை.

தரையைக் கழுவினோம். சுண்ணாம்பு அடித்தோம். மறுநாள் கதவைத் திறந்தால் பச்சைத் தோல் வாடை முகத்தில் அறையும். தரையில் புதிதாக இறைத்த மாதிரி ஈர உப்பு.

பேரம் முடிக்க எல்லோரும் கூடிய மதியத்திலும் அதே வாடை.

“மருந்து வைக்கிற எடம்ங்க இது,” என்றார் சத்தியநாதன், மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே. “இந்த நாத்தம் இருந்தா நான் இப்படியே ராணிப்பேட்டைக்குப் போயிடுவேன். அங்க ஒரு எடம் இருக்கு.”

பேகம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “இன்னா பாணி, அந்த மனுசன் செத்தும் பேஜாரு பண்றானே. எதனா செய்ப்பா.”

“வெலைய முடிச்சிட்டா வாடை தானா போயிடும்மா. காசுக்கு அந்த வாசனை உண்டு,” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சத்தியநாதனுக்குத் தரகன் அஃப்ரோஸ். வாங்குகிறவர் காதிலும் விற்கிறவர் காதிலும் விழாதபடி நாங்கள் இருவரும் கிடங்கின் உள்பக்கம் போனோம். நான் கையை நீட்டித் துண்டைப் போட்டுக்கொண்டேன். வழக்கப்படி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கை உள்ளே வந்தது.

ஜில்லென்றிருந்தது. உப்பு நெறுநெறுத்தது.

“அண்ணே, உள்ள டவர் இல்ல. வெளிய பேசிட்டு வந்துடறேன், இருங்க,” என்றது அஃப்ரோஸின் குரல்.

வாசலிலிருந்து.

என் கையைச் சுற்றியிருந்த விரல்களை எண்ணினேன். நாலு முழுசு. ஒன்று பாதி.

பயம் வரவேண்டிய இடத்தில் எனக்கு வியாபாரம்தான் வந்தது. வளர்ப்பு அப்படி.

“இன்னாண்ணே வேணும்?” என்று சுவரைப் பார்த்தே முணுமுணுத்தேன். “லட்சமா?”

அசைவில்லை.

“ஆயிரமா?”

இல்லை.

“வருஷமா?”

என் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கியது. விட்டது. மறுபடி ஐந்து. மறுபடி. மறுபடி. நிறுத்தவேயில்லை. ஒவ்வொரு பிடிக்கும் வாடை ஒரு சுற்று ஏறியது.

வாசலில் நாற்காலி நகரும் சத்தம். சத்தியநாதன் கார் சாவியைக் குலுக்கினார்.

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. காலி செய்ய மறுக்கிற ஒவ்வொரு வாடகைக்காரரிடமும் நான் சொல்வது. நாக்கில் ஊறிப்போனது.

“இத விட்டுடுங்கண்ணே. வேற எடம் நான் தர்றேன். எங்கூட வாங்க.”

பிடி நின்றது.

விரல்கள் என் கையை ஒருமுறை தடவிப் பார்த்தன.

பிறகு உள்ளங்கையில் ஒரு தட்டு.

வாடை அந்தக் கணமே அறுந்தது. கிடங்கில் சுண்ணாம்பு வாசம் மட்டும். தரை காய்ந்திருந்தது. சத்தியநாதன் உள்ளே வந்து இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த வாரமே பத்திரம் பதிவானது. பேகம் எனக்குப் பேசியதற்கு மேலேயே கமிஷன் கொடுத்தார். இந்தத் தொழிலில் நான் அதைக் கண்டதேயில்லை.

அன்று ராத்திரி தோசைக்கல்லில் சுண்டுவிரல் பட்டது. சுடவில்லை.

சில நாளில் மணிக்கட்டுவரை மரத்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஜெஸி என்ற நர்ஸ் ஊசியால் குத்திப் பார்த்தாள்.

“வலிக்குதாண்ணா?”

“இல்லம்மா.”

“கையில இன்னா இது, உப்பு பூத்திருக்கு? கழுவிட்டு வரக் கூடாதா?”

கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன்.

நரம்பெல்லாம் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். நான் மறுக்கவில்லை. வாடகைக்காரர்களை எனக்குத் தெரியும். முதலில் ஒரு மூலை போதும் என்பார்கள். அப்புறம் ஒரு அறை. இப்போது தோள்வரை வந்தாயிற்று. அடுத்து எந்தப் பக்கம் என்று யோசிப்பதில்லை. பயப்படவும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டியிருக்கிறது.

போன வாரம் மேல்விஷாரத்தில் ஒரு கடைக்குப் பேரம். எதிரில் அஃப்ரோஸ்தான். துண்டைப் போட்டேன். அவன் கையை நுழைத்தான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “லட்சமா?” என்று கேட்டேன். திரும்பினால், வழக்கத்தை மீறி அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, உங்க சுண்டுவெரலு...”

துண்டை எடுத்துக் கையை வெயிலில் காட்டினேன். ஐந்தும் முழுசாக இருந்தன.

“சரியாத்தானேப்பா இருக்கு?”

அஃப்ரோஸ் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே எழுந்தான். சட்டையில் வெள்ளையாக ஒட்டியது.

“வெளியதான் முழுசா இருக்குண்ணே.”