தளபதி தின்ற எலும்பு

காலை ஐந்தே முக்கால். மொட்டை மாடிக் கதவைத் திறந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தளபதி சுருண்டு கிடந்தது. தளபதி அந்த வீட்டு நாய். அவரைக் கண்டதும் நாலு கால் பாய்ச்சலில் வருவது இன்று தலையைக்கூடத் தூக்கவில்லை. பக்கத்தில் மஞ்சள் நுரையாக வாந்தி. வாந்திக்குள் எலும்புத் துண்டுகள்.

நாயைப் போர்வையில் சுற்றி முதல் மாடிக்குத் தூக்கி வந்தார். வீட்டுக்காரம்மா அலறிவிட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் தளபதிதான் பிள்ளை. போர்வையில் ஒட்டியிருந்த ஒரு துண்டைப் பார்த்ததும் அலறல் நின்றது.

"நம்ம வீட்டுல ஏதுங்க எலும்பு?"

மாமிச வாடையே ஆகாதவள் அவள். வீட்டுக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு விரல் தரைத்தள வாடகை வீட்டைக் காட்டியது.

"வேற யாரு? கீழ இருக்கறவதான். விஷத்தைத் தடவித் தூக்கிப் போட்டிருக்கா!"

சொன்னதோடு விடவில்லை. தெருவில் இறங்கி நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு நாயை ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். போன் வரைக்கும் போகும் என்று வீட்டுக்காரர் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு உதவி ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் பெரும்பாலும் "அப்புறம்?" என்றுதான் கேட்பார். நிலையத்தில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். சும்மா இருக்க முடியாமல் எதிராளி அடுத்ததையும் கொட்டிவிடுவான்.

முதலில் வீட்டுக்காரர்.

"இங்க யாரும் கறி மீன் சமைக்கக்கூடாதுன்னு போன மாசம் சொன்னேன் மேடம். மத்தவங்க எல்லாம் சரின்னாங்க. இவ மட்டும் முடியாதுன்னா. அந்தக் கோவம்தான்."

"அப்புறம்?"

"நேத்து சாயந்திரம் கோழிக்குழம்பு வாசனை! எலும்பைப் பின்பக்கமா நின்னு மாடிக்கு வீசியிருக்கா. வேற வழியே இல்ல. ராத்திரி மாடிக்கதவைப் பூட்டிருவேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்காது."

"அப்புறம்?"

"பாவம் மேடம், வாயில்லா ஜீவன். நாலு நாளாவே உடம்பு சரியில்ல. உக்காந்து உக்காந்து முக்குது, ஒண்ணும் வரல. வெயில் சூடுன்னு நினைச்சேன். ராத்திரி நான்தான் பால் சோறு கொண்டுபோய் வைப்பேன்."

சொல்லிவிட்டு ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். உதவி ஆய்வாளர் வந்ததிலிருந்து அது மூன்றாவது.

தரைத்தளத்தில் குடியிருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சீருடையோடு நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

"கோழி சமைச்சியா?" என்று கேட்டார் உதவி ஆய்வாளர்.

"சமைச்சேன் மேடம். என் வீட்டுல, என் அடுப்புல. அது குத்தமா?"

"எலும்பு?"

"குப்பையில கிடக்கு. கொட்டிக் காட்டவா?"

"நாயைப் பிடிக்காதா உனக்கு?"

"நாய் என்னை என்ன பண்ணிச்சு? நாய் வளக்கறவரைத்தான் பிடிக்காது. மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, கேஸ் ஆனா வேலை போயிடும், வண்டிச் சாவியை வாங்கிடுவாங்க. வீட்டைக் காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டா அவர் விட்டுருவாரு."

"செய்யாததுக்கு நான் ஏன் எழுதிக் குடுக்கணும்? சாவி போனா போகட்டும். ஓடிட்டான்னு பேர் வாங்க மாட்டேன்."

உதவி ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார். "இந்த வாரம் எங்க இருந்த?"

"ஒரு பெரியவரை ஆபரேஷனுக்கு வெளியூர் கூட்டிட்டுப் போனேன். அங்கயே அஞ்சு நாள் இருந்து, திரும்பக் கூட்டிட்டு வந்து விட்டுட்டு நேத்து சாயந்திரம்தான் வீட்டுக்கு வந்தேன். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில கேளுங்க."

கேட்டார். உண்மைதான்.

"நேத்து ராத்திரி இங்கதானே இருந்தா? அது போதாதா?" என்றார் வீட்டுக்காரர்.

உதவி ஆய்வாளர் மொட்டை மாடிக்கு ஏறினார். வீட்டுக்காரம்மா கூட வரவில்லை. முழங்கால் வலியால் முதல் மாடிக்கு ஏறுவதே பெரும்பாடு, மொட்டை மாடிக்குப் போய் ஒரு வருஷமாகிறதாம். மேலே நாயின் தட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் ஒரு குழாய். குழாய்க்கு மேலே எலுமிச்சை வாசனைச் சோப்பு, பாதி கரைந்து, இன்னும் ஈரமாக. அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்.

பதினொரு மணிக்கு எல்லோரும் கால்நடை மருத்துவமனையில் இருந்தார்கள். ஓட்டுநரும் வந்திருந்தாள், யாரும் கூப்பிடவில்லை. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"விஷத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. எலும்புதான். வேகவெச்ச எலும்பைக் கடிச்சா ஊசி ஊசியாப் பிளக்கும். வயித்தைக் குத்தி வாந்தி வந்திருக்கு. கீழ் குடல் பூரா சுண்ணாம்புக் கட்டி மாதிரி அடைச்சு நிக்குது. எனிமா குடுத்திருக்கேன். குடல் கிழியல, பிழைச்சுக்கும்."

வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர், அந்த அடைப்பு ஒரே ராத்திரியில சேருமா?" என்று கேட்டார் உதவி ஆய்வாளர்.

"சான்ஸே இல்ல. பல நாளாத் தின்னிருக்கு. வாந்தியில வந்தது மட்டும்தான் நேத்துத் தின்னது."

"அது கோழி எலும்பா?"

மருத்துவர் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். தடியாக, இருபுறமும் கத்தியால் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது. "ஆட்டு நல்லி. உள்ள இருந்த மஜ்ஜையை யாரோ சுத்தமா உறிஞ்சிட்டுத்தான் நாய்க்குப் போட்டிருக்காங்க."

உதவி ஆய்வாளர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நாலு நாளா முக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. அந்த நாலு நாளும் கீழ் வீடு பூட்டிக் கிடந்துச்சு. மாடிச் சாவி உங்க இடுப்பை விட்டு இறங்காது. உங்க வீட்டம்மாவால மொட்டை மாடிக்கு ஏற முடியாது. அப்போ தினம் ராத்திரி தளபதிகூட மாடியில இருந்த மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

"நான்... பால் சோறுதான் மேடம்..."

"பால் சோறு வைக்கறவருக்கு மாடியில எதுக்கு வாசனைச் சோப்பு? காலையிலேருந்து எதுக்கு இத்தனை புதினா மிட்டாய்? சோறு நாய்க்கு, கறிப் பொட்டலம் உங்களுக்கு. மிஞ்சின எலும்பு கண்ணுல படாம போகணும். தளபதி தின்னுடுச்சு. காலையில வீட்டம்மா எலும்பு ஏதுன்னு கேட்டாங்க. உங்க வாய்க்கு முதல்ல கிடைச்சது கீழ் வீட்டுப் பொண்ணு."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மிட்டாய் வாயிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. குரல் உயரவில்லை. "ஆசையா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன கழுத்தையா நெரிச்சிருப்பேன்? என் பிள்ளை வயித்துல முள்ளைக் கொட்டிட்டு, அவ மேல பழியைப் போட்டீங்களே. நானும் நம்பி போலீஸைக் கூப்பிட்டேனே."

"பொய்ப் புகார்னு நான் இவர் மேல எழுதலாம்," என்று ஓட்டுநரிடம் சொன்னார் உதவி ஆய்வாளர். "நீ என்ன சொல்ற?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "விடும்மா, நமக்குள்ள என்ன. நீ பாட்டுக்கு இரு. கோழியோ ஆடோ, எது வேணா சமைச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லல."

"என் அடுப்புக்கு உங்க அனுமதியை யார் கேட்டா? காலையில எங்க நின்னு கத்தினீங்க?"

"...தெருவுல."

"அங்கயே வந்து நின்னு சொல்லுங்க. கேஸ் வேண்டாம்."

"நாலு பேர் பாப்பாங்கம்மா."

"காலையிலயும் நாலு பேர் பாத்தாங்க சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கதவைப் பார்த்து, "நடங்க," என்றாள்.

பகல் பன்னிரண்டுக்கு வீட்டுக்காரர் தெருவில் நின்றார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கடைக்குப் போனவர்கள் பையோடு நின்றார்கள். ஜீப்பிலிருந்து உதவி ஆய்வாளர் இறங்கவில்லை, கிளம்பவும் இல்லை.

"விஷமெல்லாம் ஒண்ணும் இல்ல," என்று வீட்டுக்காரர் தன் சட்டைப் பொத்தானிடம் சொன்னார். "எலும்பு நான் போட்டதுதான். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

ஓட்டுநர் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"கேக்கல சார்," என்றாள்.