பாய்ஷுலினில் பன்னிரண்டு நிமிடம்

"மூணு நிமிஷம் லேட்டு! உங்க கடிகாரம் தூங்கிடுச்சா, சார்?"

கொட்டும் மழையில் பாய்ஷுலின் நடைமேடையில் எழுந்த அந்தக் குரலுக்கு, தேநீரில் வெந்துகொண்டிருந்த முட்டைகளின் ஓடு தானாகவே வெடித்தது. சத்தியம்... அந்த முட்டைக் கடைமுன்தான் நான் நின்றிருந்தேன்.

குரலுக்குச் சொந்தக்காரி ஜுவாங் மான்யு, டீசல் எஞ்சின் ஓட்டுநர். திட்டு வாங்கியவன் ஷுவே பெங்தாவ். ஹார்பினிலிருந்து கே என்ற சாதாரண விரைவு வண்டியை மின்சார எஞ்சினால் இழுத்து வந்தவன். தலைக்கு மேலே ஓடும் மின்கம்பி பாய்ஷுலினோடு முடிந்துவிடும். அவன் எஞ்சினைக் கழற்றி அவள் எஞ்சினை மாட்ட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நிமிடம்.

"நம்மள விட வேகமான இசட் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்னேன், அம்மணி. நம்ம கே வண்டிய யாரு மதிக்கிறா?"

"கம்பிய நம்பி வந்தா அப்படித்தான். என் எஞ்சின் டீசல குடிச்சு தானே கரண்ட் பண்ணிக்கும். உங்களோடது மேல கைய நீட்டிப் பிச்சை எடுக்கும்!"

"ஓஹோ... ஆக, ரெண்டுலயும் சக்கரத்தச் சுத்தறது மின்சார மோட்டார்தான். அப்புறம் நமக்குள்ள எதுக்குச் சண்டை?"

மழைத்துளி தங்கிய இமைகளை அவள் உயர்த்தினாள்... அவ்வளவுதான். பெங்தாவின் நெஞ்சில் ஆறாயிரம் குதிரைகள் ஒரே நேரத்தில் கனைத்தன.

அன்று அவன் வந்தது தற்செயல். வழக்கமான ஓட்டுநருக்குப் பல்வலி. அந்தப் பல்வலி இரண்டு மாதம் நீடித்த அதிசயத்துக்குக் காரணம், பெங்தாவ் அவருக்குத் தினமும் வாங்கிக் கொடுத்த வாத்துக்கறி.

தினமும் பன்னிரண்டு நிமிடம். கேலி, சீண்டல், பாதி பாதியாய்ப் பிய்த்துத் தின்ற சுட்ட சோளம். போன் நம்பர் கேட்க மட்டும் இருவருக்குமே கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அதற்குள் பாய்ஷுலினுக்கு அப்பாலும் மின்கம்பி இழுத்துவிட்டார்கள். செப்டம்பர் ஒன்றிலிருந்து எஞ்சின் மாற்றமே கிடையாது. மான்யுவுக்கு, இன்னும் டீசல் ஓடும் எல்லைப் பக்கம் மாற்றல்.

"என்னை ஜி அதிவேக வண்டிப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றான் பெங்தாவ். போகாதே என்று அவள் சொல்வாளா என்ற ஆசை... "அதுல தனியா எஞ்சினே கிடையாது. பெட்டிக்கு அடியிலேயே மோட்டார். மாட்டறதும் இல்ல, கழட்டறதும் இல்ல."

"நல்லதாப் போச்சு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று தன் பங்குச் சோளத்தை அவள் தின்னாமல் பையிலேயே வைத்திருந்தாள். 'ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவான்?'

கடைசி நாள் வந்தது. எஞ்சின் மாட்டியாயிற்று. ஒன்பது நிமிடம், பத்து, பதினொன்று... நடைமேடையில் நனைந்தபடி மரம்போல் நின்றான் பெங்தாவ். மான்யு எஞ்சினில் ஏறி உட்கார்ந்தாள்.

சிக்னல் பச்சையாயிற்று.

எங்கள் ரயிலில் ஒரு கட்டாய விதி உண்டு. ஓட்டுநர் எதைப் பார்த்தாலும் இரண்டு விரல் நீட்டி, 'சிக்னல் பச்சை', 'வழி சரி' என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனிருப்பவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வண்டி நகரக் கூடாது.

மான்யு இரண்டு விரல் நீட்டினாள். "சிக்னல் பச்சை!"

"சிக்னல் பச்சை!" என்றார் உதவி ஓட்டுநர்.

அடுத்து அவள் கை மெல்லத் திரும்பியது... சன்னலுக்கு வெளியே, நேராக பெங்தாவின் நெஞ்சை நோக்கி.

"ஷுவே பெங்தாவ்! எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு!"

உதவி ஓட்டுநர் வாயை இறுக மூடிக்கொண்டார். இதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர் இல்லையே!

பதினெட்டுப் பெட்டிகளின் சன்னல்களிலும் தலைகள் முளைத்தன. மழைகூட நின்று கேட்டது என்பேன்.

பெங்தாவின் இரண்டு விரல்கள் உயர்ந்தன.

"ஜுவாங் மான்யு! எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு! எல்லைக்கே வர்றேன்... வழி சரி!"

"வழி சரி!" என்றாள் அவள், சிரித்தபடி... அழுதபடி.

வண்டி புறப்பட்டது. மூன்று நிமிடம் லேட்டு.